பலாலி: சென்னைக்கு நேர் தெற்கே

மீனம்பாக்கத்திலிருந்து தெற்கு நோக்கி ஒரு கோடு இழுத்தால், கல்பாக்கம் தாண்டியதும் அது கடலில் இறங்கி, வேறெந்தக் கரையையும் தொடாமல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் போய் முட்டும். சென்னை விமான நிலையமும் பலாலி விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. நடுவில் சுமார் 355 கிலோமீட்டர். பலாலியிலிருந்து கொழும்பை ஒட்டியுள்ள இரத்மலானைக்கு வான்வழியில் சுமார் 330 கிலோமீட்டர். திருச்சிக்கு 185 மட்டுமே. யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்குத் தன் நாட்டின் பெருநகரமும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே தொலைவு. திருச்சி இரண்டையும்விடப் பக்கம். இப்படியோர் இடத்தில் விமானத்தளம் இருந்தால் மக்கள் அதை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று நிலப்படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த எளிய காரியம் நடக்காமல் போன ஆண்டுகள் முப்பதுக்கும் மேல்.

அங்கே போகும் விமானம் ஏடிஆர் 72. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு சுழல்விசிறி எஞ்சின்கள், எழுபது சொச்சம் இருக்கைகள். பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். முன்பக்கத்தில் பெட்டிகளை ஏற்றுகிறார்கள். பெரிய ஜெட்டில் பழகியவர்களுக்கு இது முதலில் புதிதாக இருக்கும். ஆனால் இந்த விமானத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் கீழே பார்க்கலாம். போகும்போது வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் சோழமண்டலக் கரை முழுவதும் கூடவே வரும். கொள்ளிடம் கடலில் கலக்குமிடத்துப் பழுப்பு நீர், அதற்குத் தெற்கே நாகப்பட்டினம், பிறகு கரை சட்டென்று மேற்கே மடங்கும் கோடியக்கரை முனை. அங்கிருந்து பலாலிக்கு அறுபது கிலோமீட்டர்தான். விமானம் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருக்கும்.

பாக்கு நீரிணை முடிந்து நிலம் தெரியும்போது அது எவ்வளவு தட்டையானது என்பதே முதலில் கண்ணில் படுகிறது. ஒரு குன்று இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஓர் ஆறு இல்லை. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அந்தப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி அடியில் தங்குகிறது. கிணறு வெட்டி அதை எடுத்துத்தான் இங்கே தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்திருக்கிறார்கள். பாறைக்கு மேலே மெல்லிய போர்வையாகச் செம்பாட்டு மண். வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு எல்லாம் விளையும் மண் இது. விமான நிலையத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கின் இந்தச் செம்மண் இலங்கையின் மிக நல்ல தோட்ட நிலங்களில் ஒன்று என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். விமான நிலையத்தின் கதையில் இந்த மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

இறங்கியதும் நடைதான். ஏரோபிரிட்ஜ் கிடையாது, தேவையும் இல்லை. படியிறங்கி, வெயிலில் சில நிமிடம் நடந்தால் ஒரு சிறிய கட்டடம். குடிவரவு, சுங்கம், பெட்டி எடுக்குமிடம் எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள். ஒரு விமானத்துப் பயணிகளுக்கு இது போதும். ஒரே நேரத்தில் இரண்டு வந்தால் இடம் நெருக்கும். வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையில் கண் அறுவை சிகிச்சை முடித்துத் திரும்பும் முதியவர், திருமணப் பட்டு எடுத்துக்கொண்டு வரும் ஒரு குடும்பம், கனடாவிலிருந்து சென்னை வழியாக வரும் பேரப் பிள்ளைகள், சிதம்பரமும் திருவண்ணாமலையும் தரிசித்துவிட்டு நெற்றியில் திருநீறோடு நிற்கும் அம்மாக்கள். உல்லாசப் பயணி என்று சொல்லத்தக்கவர்கள் கொஞ்சம் பேரே. பெரும்பாலும் நோய், திருமணம், கோயில், உறவு ஆகிய நான்கு காரணங்களுக்காக இயங்கும் விமான நிலையம் இது. அதனால் இங்கே வசதி என்று எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகிறது. வரி விலக்குக் கடைகளைவிட, சக்கர நாற்காலியும் அதைத் தள்ள ஆளும், வழியனுப்ப வந்தவர்கள் உட்கார நிழலும், ஒவ்வொரு விமானத்துக்கும் நேரம் பார்த்து யாழ்ப்பாண நகரத்துக்கு ஒரு பேருந்தும் முதலில் வேண்டும். நகரம் பதினாறு கிலோமீட்டருக்கு மேல்.

ஓடுபாதையின் இரு முனைகளிலும் பெரிய வெள்ளை எண்கள் எழுதியிருக்கும். பலாலியில் அவை 05, 23. திசைகாட்டியில் 50 பாகை, 230 பாகை என்று பொருள். கடைசிப் பூச்சியத்தை விட்டுவிடுவது உலக வழக்கம். அதாவது ஓடுபாதை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்து எழும்பவும் இறங்கவும் வேண்டும். குடாநாட்டின் ஆண்டை இரண்டு காற்றுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை, கோடையில் தென்மேற்கிலிருந்து சோழகம். ஓடுபாதையைச் சமைத்தவர்கள் இந்த இரண்டுக்கும் முகம் காட்டி அதை வைத்தார்கள். பக்கத்து மயிலிட்டியில் கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சமைத்தவர்கள் பிரிட்டிஷ் விமானப்படையினர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5-ல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 9-ல் திருகோணமலையை. இந்துமாக் கடலில் பிரிட்டனுக்கு மிஞ்சிய பெரிய தளம் இலங்கை என்றானபோது, தீவெங்கும் அவசர அவசரமாக ஓடுபாதைகள் போடப்பட்டன. மின்னேரியா, சிகிரியா, வவுனியா, கொக்கல என்று நீளும் அந்த வரிசையில் பலாலியும் ஒன்று. ஆங்கிலேயர்கள் அதைப் பக்கத்துத் துறைமுகத்தின் பெயரால் காங்கேசன்துறைத் தளம் என்றே எழுதினார்கள். சுண்ணாம்புப் பாறை அடித்தளம் கெட்டியானது, நிலம் சமதளம், குடாநாட்டின் மூன்று பக்கமும் கடல். போர் முடியும் ஆண்டில் நான்கு எஞ்சின் கொண்ட லிபரேட்டர் விமானங்கள் இங்கிருந்து வங்கக் கடலைக் கடந்து சுமத்திரா வரை போய்வந்தன. இவ்வளவு கனத்த விமானங்கள் ஓடிய தளத்தில் இன்று ஏடிஆர் போன்ற சிறிய பயணிகள் விமானங்களே இறங்குகின்றன என்பது பலருக்குத் தெரியாது.

போர் முடிந்தது. அடுத்து வந்தது, எனக்கு இந்த நிலையத்தின் வரலாற்றிலேயே மிகவும் பிடித்த நாள். 1947 டிசம்பர் 10. சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதங்கூட இல்லை. புதிதாகத் தொடங்கிய ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், ‘சீதா தேவி’ என்று பெயரிட்ட டகோட்டா, இரத்மலானையிலிருந்து கிளம்பியது. அது போன வழி: இரத்மலானை, காங்கேசன்துறை, சென்னை. பிறக்கப்போகும் ஒரு நாட்டின் தேசிய விமான சேவை தன் முதற்பயணத்துக்கு யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் ஒரே கோட்டில் கோத்துக்கொண்டது. அன்று யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. போக்குவரத்து இருந்த இடத்தில் விமானம் விட்டார்கள், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் 1864-லேயே பள்ளிக்கூடம் நிறுவியிருந்தார். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914 முதல் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. வானம் இந்தப் பழைய பாதைகளோடு கடைசியாக வந்து சேர்ந்துகொண்டது.

அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலையில் பலாலியில் ஏறி, சென்னையில் படம் பார்த்து, மார்கழிக் கச்சேரி கேட்டு, தியாகராய நகரில் துணி வாங்கித் திரும்பிய கதைகளைச் சொல்வார்கள். திருச்சிக்கும் இங்கிருந்து விமானம் பறந்தது. பெட்டியும் பையுமாகப் பேருந்துக்குப் போவது போலப் போனோம் என்று அவர்கள் சொல்லும்போது குரலில் பெருமை இருக்காது. வழக்கமான ஒன்றைச் சொல்லும் தொனிதான். அதுவே எனக்குப் பெரிதாகப் பட்டது.

1978 செப்டம்பர் 7-ல், பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் போய்ச் சேர்ந்த ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் அங்கே தரையில் நின்றபோது குண்டு வெடித்து எரிந்தது. பயணிகள் இறங்கிவிட்டதால் உயிர்ச் சேதம் இல்லை. குண்டை வைத்தவர்கள் விடுதலைப் புலிகள். மறு ஆண்டே கடன் சுமையில் ஏர் சிலோன் மூடப்பட்டது. 1983-க்குப் பிறகு பலாலி மறுபடியும் போர்த்தளம். 1987 ஜூலை இறுதியில் இந்திய அமைதிப் படை வந்திறங்கியது இங்கேதான். அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவோடு இரவாக ஹெலிகாப்டரில் படையிறக்கிய அந்த நடவடிக்கையும் இங்கிருந்தே புறப்பட்டது. சென்னையிலிருந்து வந்த விமானங்களைக் கண்ட அதே ஓடுபாதை.

ஆனால் படைகள் வந்துபோனதைவிட ஆழமான காயம் 1990 ஜூனில் விழுந்தது. போர் மறுபடி மூண்டபோது பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், தையிட்டி, ஊறணி, குரும்பசிட்டி என்று தளத்தைச் சூழ்ந்த ஊர்கள் அனைத்தும் காலியாயின. சில நாள்களில் திரும்பிவிடலாம் என்று நினைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். அந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயம் ஆயின. வீடுகள், பள்ளிக்கூடங்கள், கோயில்கள், கிணறுகள் எல்லாம் கம்பி வேலிக்குள். எறிகணை எட்டும் தூரத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பது படையின் கணக்கு. ஓடுபாதைக்கு வேண்டிய நிலம் கொஞ்சந்தான். அதைக் காப்பதற்கென்று எடுத்த நிலம் அதைப் போல் பல மடங்கு.

1995-ன் இறுதியில் யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்கு வந்த பின்னும், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி அடைபட்டே கிடந்தது. தெற்கே போக இரண்டே வழிகள்: கப்பல், இல்லையேல் பலாலியிலிருந்து விமானம். வானவழியும் பாதுகாப்பானதாக இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே, அடுத்தடுத்த இரண்டு நாள்களில் விமானப்படையின் இரண்டு ஆவ்ரோ விமானங்கள் பலாலிக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தன. 1998 செப்டம்பர் 29-ல் லயன் ஏர் நிறுவனத்தின் அன்டனோவ் விமானம் பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பியது. 48 பயணிகள், 7 பணியாளர்கள். மன்னார்ப் பக்கக் கடலுக்கு மேல் அது ராடாரிலிருந்து மறைந்தது. புலிகளின் ஏவுகணை அதை வீழ்த்தியது. 2012-ல்தான் கடலடியில் அதன் சிதைவுகளைக் கண்டெடுத்தார்கள். பதினான்கு ஆண்டுகள் உடலும் இல்லாமல் செய்தியும் இல்லாமல் காத்திருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை தமிழ்க் குடும்பங்கள். இந்த நிலையத்தில் ஒரு நினைவுக் கல்லாவது இருக்க வேண்டும். அந்த 55 பேரும் கடைசியாக மிதித்த மண் இது.

போர் முடிந்து பத்தாண்டுகள் கழித்து, 2019 அக்டோபர் 17-ல், யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் பலாலி திறக்கப்பட்டது. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் நின்றிருக்க, சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்திறங்கியது. சீரமைப்புப் பணிக்கு இந்தியாவும் உதவியிருந்தது. நவம்பரில் சேவை தொடங்கிச் சில மாதங்களே ஓடியது. 2020 மார்ச்சில் கொரோனா அதை நிறுத்தியது. மீண்டும் 2022 டிசம்பர் 12-ல்தான் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்க வந்தது. 2025 மார்ச் 30 முதல் அதே நிறுவனம் திருச்சியிலிருந்தும். காவிரிக் கரையிலிருந்து ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் வலிகாமத்தில் இறங்கிவிடலாம்.

இந்த இடத்தில் இலங்கையின் இன்னொரு விமான நிலையத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெற்கே அம்பாந்தோட்டைக்கு அருகில் மத்தல. 2013 மார்ச்சில் திறந்தார்கள். 3,500 மீட்டர் ஓடுபாதை, ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகளைக் கையாளும் முனையம், ஏரோபிரிட்ஜ், பெரும்பாலும் சீனக் கடனில். உலகின் மிகப் பெரிய விமானங்களும் அங்கே இறங்கலாம். வழக்கமான சேவைகள் ஒவ்வொன்றாக விலகிப்போயின. பயணிகள் இல்லாத விமான நிலையம் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. மத்தலயில் கட்டடம் இருந்தது, அங்கிருந்து எங்கேயாவது போக வேண்டிய மக்கள் இல்லை. பலாலியில் மக்கள் எப்போதும் இருந்தார்கள். சுமார் ஆறு லட்சம் பேர் வாழும் மாவட்டம்; வெளிநாடுகளில் இருக்கும் அவர்களுடைய உறவினரின் தொகை இதற்குக் குறைந்ததல்ல. இவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு ஒன்று போதும், கட்டடம் சிறியதாக இருந்தாலும் நிரப்பிவிடுவார்கள். தேசத்தின் பணத்தை எங்கே போட வேண்டும் என்ற கேள்விக்கு இந்த இரண்டு நிலையங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே விடை கிடைக்கும்.

நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஆட்டோ எடுத்தேன். ஓட்டிய இளைஞருக்கு முப்பது வயது இருக்கலாம். முதலில் சாலையின் இரு பக்கமும் இராணுவ முகாம்களின் வேலி. இடையிடையே கூரையில்லாத வீடுகள், சுவரைப் பிளந்து வளர்ந்த ஆலமரங்கள். நான் ஒன்றும் கேட்காமலே பேசத் தொடங்கினார்.

“அங்கால தெரியுதெல்லோ அண்ணை, அந்தப் பனைகளுக்குப் பின்னால, அதுக்குள்ளதான் எங்கட அம்மம்மாட காணி. பதினாறு பரப்பு. நான் பிறந்தது உரும்பிராயில, வாடகை வீட்டில. அதைக் கிட்ட நிண்டு பாத்ததே இல்லை.”

“விமானம் வந்தது நல்லதுதானே தம்பி?”

“ஓம், நல்லது. எனக்கு ஹயர் கிடைக்குது, சனத்துக்கும் சுகம். பிளேன் ஓடுற இடத்தை ஆரும் கேக்கேல்லை. தோட்டம் செய்யிற நிலத்தைத்தான் கேக்கிறம். இப்ப உள்ளுக்க ஆமிதானே வெங்காயம் போடுது.”

கொஞ்ச தூரம் போனதும், “அம்மம்மா சொல்லுவா, எங்கட கிணறு ஒரு கோடையிலயும் வத்தினதில்லையாம்” என்றார். பிறகு பலாலி வீதியில் ஏறிவிட்டோம். புன்னாலைக்கட்டுவனைத் தாண்டியதும் இரு பக்கமும் வேறு காட்சி: நீர் இறைக்கும் மோட்டார் சத்தம், வரிசை வரிசையாக வெங்காயப் பாத்திகள், மதில்களுக்கு மேலே செவ்வரத்தை. ஊரெழு, உரும்பிராய், கோண்டாவில், திருநெல்வேலி என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நகரம் வரை வருகின்றன. ஒரே மண்ணில், சில கிலோமீட்டர் இடைவெளியில், ஒரு பாதி உயிரோடும் மறு பாதி வேலிக்குள்ளும் இருப்பதை இந்தச் சாலையில் போகிற எவரும் பார்க்கலாம்.

நிலங்கள் திரும்பி வரவே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. போருக்குப் பின் பகுதி பகுதியாக விடுவித்திருக்கிறார்கள். மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் 2017-ல் மக்களிடம் வந்தது. வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியை முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் திறந்தார்கள். பகலில் மட்டும், நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. தன் வீட்டு வாசலைக் கடந்துபோகலாம், இறங்கி நின்று பார்க்க முடியாது என்பதே அப்போதைய நிலை.

இனி வரவிருப்பது ஓடுபாதைப் பேச்சு. இப்போது சீரமைத்துப் பயன்படுத்தும் பாதை ஏடிஆருக்குப் போதும். நூற்றைம்பது, நூற்றெண்பது பேரை ஏற்றும் ஜெட் இறங்க வேண்டுமானால் நீளமும் வலுவும் கூட்ட வேண்டும். இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. வெயில் ஏற ஏறக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றில் இறக்கைக்குத் தூக்கும் சக்தி குறைகிறது. அதே எடையோடு எழும்ப விமானம் இன்னும் கொஞ்சம் தூரம் ஓட வேண்டும். ஓடப் பாதை இல்லையென்றால் எடையைக் குறைப்பதுதான் வழி. சிறிய ஓடுபாதைகளில் பயணியின் பெட்டி பின்தங்குவதும் சில இருக்கைகள் காலியாகவே பறப்பதும் இதனால்தான். மருந்தும் துணியும் பலகாரமும் சுமந்து வருகிறவர்களுக்கு ஐந்து கிலோ என்பது சின்ன விஷயம் அல்ல. ஆகவே பாதை நீள்வதை நான் விரும்புகிறேன். பலாலி வளர வேண்டும். ஜெட் வர வேண்டும். மதுரைக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் இங்கிருந்து பறக்க வேண்டும்.

நீட்டுவதற்கான நிலம் யாருடையது என்பது இரகசியமில்லை. 2013-ல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதாக அரசு அறிவித்தல் ஒட்டியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் காணி உறுதிகளை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். அவர்களின் பெயர் வழக்கேட்டில் இருக்கிறது, காணி எண் இருக்கிறது, பரப்புக் கணக்கு இருக்கிறது. அளவைச் சங்கிலி அந்த மண்ணில் விழுவதற்கு முன் அவர்களையோ அவர்கள் பிள்ளைகளையோ கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசட்டும். ஓடுபாதைக்கு எத்தனை பரப்பு வேண்டும் என்று அளந்து சொல்லி, அதற்குரிய விலையையோ மாற்றுக் காணியையோ கொடுக்கட்டும். மிச்சத்தை, கிணறுகளோடு சேர்த்து, விட்டுவிடட்டும்.